பித்தநாளக் கற்கள்: கண்டறிதலும் அகற்றுதலும்

மஞ்சள் காமாலை என்றதும் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. அதனை அரைத்து மோரில் கலந்து அருந்துவதும், எண்ணெய்ப் பண்டங்களை விலக்குவதும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அவ்வாறு இருந்தவர்களுள் பலர் சில வாரங்களில் தேறியும் விடுகின்றனர். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ போன்ற கல்லீரல் அழற்சி, பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும் இயல்புடையது என்பதே அதற்குக் காரணம்.

காமாலை என்பது ஒரு தனி நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். கல்லீரல் நலமாக இருந்தும், அதிலிருந்து பித்தம் வெளியேறும் பாதை அடைபட்டால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். இதனை அடைப்புக் காமாலை என்பர். இவ்வகைக் காமாலைக்குப் பத்தியம் இருந்து காத்திருப்பதால் பயனில்லை. அடைப்பை நீக்கும் வரை ஆபத்து நாளுக்கு நாள் வளரும். அடைப்புக்கு மிகப் பரவலான காரணங்களுள் ஒன்று பித்தநாளத்தில் சிக்கிய கல். வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாகச் செலுத்தும் அகநோக்கிக் கருவியைக் கொண்டே அக்கல்லை வெளியேற்றும் சிகிச்சை இன்று நம் நாட்டின் பெருநகரங்கள் அனைத்திலும், மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றிலும் கிடைக்கிறது. அதனைப் பற்றி முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தால், தேவைப்படும் வேளையில் தயக்கமின்றி முடிவெடுக்கலாம்.

பித்தம் செல்லும் பாதை

கல்லீரல் நாள்தோறும் ஏறத்தாழ 500 முதல் 1,000 மில்லி லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவுவதும், உடலின் சில கழிவுகளை வெளியேற்றுவதும் இதன் பணிகள். உணவு இல்லாத நேரத்தில் பித்தநீர் கல்லீரலுக்கு அடியிலுள்ள பித்தப்பையில் சேமிக்கப்படுகிறது. 30 முதல் 50 மில்லி லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு பை அது. நீரை உறிஞ்சிப் பித்தத்தைக் கெட்டியாக்கி வைத்துக்கொள்வதால் அந்தச் சிறிய அளவே போதுமானதாகிறது. நாம் உண்டதும் பித்தப்பை சுருங்கி, பித்தத்தைப் பொதுப் பித்தநாளத்தின் வழியாக முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது.

இந்தப் பொதுப் பித்தநாளம் ஒரு விரல் நீளமே உடையது. உட்புற அகலம் இயல்பாக 6 மில்லி மீட்டருக்கு உட்பட்டது. வயது ஏற ஏறச் சற்று விரியலாம். குடலைச் சேரும் இடத்தில் கணையத்திலிருந்து வரும் நாளமும் இதனுடன் இணைகிறது. இரண்டுக்கும் பொதுவான அந்த வாயிலை ஒரு சுருக்குத் தசை காவல் காக்கிறது. 1887-இல் இத்தாலியில் மருத்துவ மாணவராக இருந்த ருக்கெரோ ஒட்டி அதனை விரிவாக ஆராய்ந்து எழுதியதால், அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கல் சென்று சிக்குவதும், சிகிச்சை தொடங்குவதும் இந்தக் குறுகிய வாயிலில்தான். கணையத்துக்கும் இதுவே வாயில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் வரும் ஆபத்துகள் பலவற்றுக்கு இந்தக் கூட்டு வாயிலே காரணம்.

கல் உருவாகும் விதம்

பித்தநீரில் கொலஸ்டிரால், பித்த உப்புகள், பிலிரூபின் என்னும் நிறமி ஆகியவை குறிப்பிட்ட அளவில் கலந்துள்ளன. இந்த அளவு பிறழும்போதும், பித்தப்பை சரியாகச் சுருங்கி விரியாதபோதும் படிகங்கள் தோன்றி மெல்லக் கல்லாகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு, குறிப்பாக மகப்பேறு கண்டவர்களுக்கு, இது அதிகம். உடற்பருமன், நீரிழிவு, குறுகிய காலத்தில் பெருமளவு எடை குறைதல் ஆகியனவும் காரணங்களாகும். தலசீமியா, அரிவாள் அணுச் சோகை போன்ற இரத்த நோய்கள் உடையோருக்கு இளம் வயதிலேயே கற்கள் தோன்றலாம்.

நம் நாட்டில் இந்நோய் எல்லாப் பகுதிகளிலும் ஒரே வகையில் காணப்படுவதில்லை. வட மாநிலங்களில், சிறப்பாகக் கங்கைச் சமவெளியில், பித்தப்பைக் கற்கள் மிகுதி. அங்கு கொலஸ்டிரால் கற்களே பெரும்பான்மை. தென் மாநிலங்களில் நிறமிக் கற்களின் பங்கு கூடுதல். காஷ்மீரில் குடலிலுள்ள உருளைப் புழு பித்தநாளத்துள் ஏறி அடைப்பை உண்டாக்குவதும், இறந்த புழுவைச் சுற்றிக் கல் உருவாவதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்து வரும் செய்தி.

பித்தப்பையில் கல் உள்ளவர்களுள் பலருக்கு வாழ்நாள் முழுதும் எத்தொல்லையும் வருவதில்லை. வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போதே அவர்கள் அதனை அறிகின்றனர். ஆயினும், தொல்லை தரும் பித்தப்பைக் கற்கள் உடையோருள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குக் கல் நழுவிப் பொதுப் பித்தநாளத்தில் இறங்கியிருப்பது காணப்படுகிறது. பித்தப்பை ஏற்கெனவே அகற்றப்பட்டவர்களுக்கும் நாளத்திலேயே புதிதாகக் கல் உருவாகக்கூடும். எனவே, ‘பித்தப்பையை எடுத்தாகிவிட்டது, இனிக் கல் வராது’ என்று உறுதியாக இருந்துவிடுதல் கூடாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கல்லும் பித்தக் கல்லும் வெவ்வேறு பொருளால் ஆனவை. வெவ்வேறு பாதையில் இருப்பவை. சிறுநீரகக் கல்லுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வாழைத்தண்டுச் சாறும், நிறைய நீர் அருந்துதலும் பித்தநாளக் கல்லை வெளியேற்றா. கல்லைக் கரைக்கும் மாத்திரைகளும் பித்தப்பையிலுள்ள சில சிறிய கொலஸ்டிரால் கற்களுக்கே ஓரளவு உதவுவன. நாளத்தை அடைத்த கல்லுக்கு அவை தீர்வாகா.

அறிகுறிகளும் அவசரமும்

மேல் வயிற்றின் நடுவிலோ வலப்புறத்திலோ தோன்றி, முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவும் வலி முதல் அறிகுறி. உண்டபின் தொடங்கிச் சில மணி நேரம் நீடிப்பதால், பலர் இதனை வாயுத் தொல்லை என்று எண்ணிவிடுகின்றனர். கல் நாளத்தை அடைத்தால் கண்கள் மஞ்சளாகும், சிறுநீர் கருந்தேநீர் நிறம் பெறும், மலம் வெளுக்கும், உடலெங்கும் அரிப்பு எடுக்கும். மலம் வெளுப்பதும் அரிப்பும் சேர்ந்து வந்தால் அடைப்புக் காமாலையோ என்று ஐயுற வேண்டும்.

வலி, காமாலை, குளிர் நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றினால் தேங்கிய பித்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-இல் விவரித்த இந்த மூன்று அறிகுறிகளை மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயராலேயே கற்கின்றனர். இவற்றுடன் இரத்த அழுத்தம் வீழ்ந்து, நினைவும் தடுமாறுமாயின் உயிருக்கே ஆபத்து. அந்நிலையில் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல், உடனே பெரிய மருத்துவமனையை நாட வேண்டும். முதியோருக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலியோ காய்ச்சலோ வெளிப்படையாகத் தெரியாமலே தொற்று முற்றிவிடுவதுண்டு. எனவே அவர்கள் விஷயத்தில் வீட்டார் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

மற்றோர் ஆபத்து கணைய அழற்சி. கூட்டு வாயிலில் கல் சிக்கினால் கணைய நீரும் தேங்கி, கணையமே வீங்கிப் புண்ணாகிறது. வளைந்து குனிந்தால் சற்றே தணியும் கடுமையான வயிற்று வலியும், தொடர் வாந்தியும் இதன் அடையாளங்கள்.

கல்லைக் கண்டறிதல்

கண்டறிதல் எளிய சோதனையில் தொடங்கிப் படிப்படியாக மேலேறுகிறது. முதற்படி இரத்தப் பரிசோதனை. பிலிரூபின் அளவும், ஆல்கலைன் பாஸ்படேஸ் முதலிய நொதிகளின் அளவும் உயர்ந்திருந்தால் பித்தப் பாதையில் அடைப்பு இருக்கக்கூடும் எனக் கொள்ளலாம்.

இரண்டாம் படி வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பித்தப்பையிலுள்ள கல்லை இது மிகத் துல்லியமாகக் காட்டும். ஆனால் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடலிலுள்ள காற்று மறைத்துவிடுவதால், அங்குள்ள கல் பல வேளைகளில் தப்பிவிடுகிறது. ‘ஸ்கேனில் நாளத்தில் கல் தெரியவில்லை’ என்னும் அறிக்கை, கல்லே இல்லை என்பதற்குச் சான்றாகாது. நாளம் விரிந்திருக்கிறதா என்பதையும் மருத்துவர் கவனிப்பார். பித்தப்பை உள்ளவருக்கு நாளம் 6 மில்லி மீட்டரைக் கடந்திருந்தால் ஐயம் வலுப்படும்.

மூன்றாம் படியில் இரண்டு சோதனைகள் உள்ளன. ஒன்று எம்.ஆர்.சி.பி. எனப்படும் காந்த அதிர்வு ஸ்கேன். 1991-இல் மருத்துவ இதழ்களில் முதலில் விவரிக்கப்பட்ட இம்முறையில் கதிர்வீச்சு இல்லை. பித்தநாளத்துக்குள் எக்கருவியும் நுழைவதில்லை. நாளத்தில் நிற்கும் நீரே படத்தில் வெண்மையாகத் தெரிய, அதனிடையே கல் கருநிறமாகக் காட்சி தரும். இதயத் துடிப்புக் கருவியோ வேறு உலோகக் கருவியோ உடலில் பொருத்தப்பட்டவர்கள் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். மற்றொன்று எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். நுனியில் ஒலியலைக் கருவி பொருத்திய அகநோக்கியை வாய் வழியாகச் செலுத்தி, முன்சிறுகுடலில் இருந்தபடியே அருகிலுள்ள பித்தநாளத்தை ஆராய்வது இது. இரண்டு சோதனைகளும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியான விடை தருவன. 5 மில்லி மீட்டருக்கும் சிறிய கற்களைக் காண்பதில் இரண்டாவது முறை மேலானது.

நான்காவதாக வருவது ஈ.ஆர்.சி.பி. அகநோக்கி வழியாகப் பித்தநாள வாயிலுக்குள் நுண்குழாய் செலுத்தி, சாயம் ஏற்றி, எக்ஸ்ரே படம் எடுக்கும் முறை இது. ஒரு காலத்தில் கல் இருக்கிறதா என்று அறிவதற்கே இதனைச் செய்தனர். இன்று நிலைமை மாறிவிட்டது. மற்ற முறைகள் இடரின்றியே விடை தருவதால், கல்லை அகற்ற வேண்டியவர்களுக்கே ஈ.ஆர்.சி.பி. என்பது மருத்துவ உலகின் பொதுக் கருத்து. ஸ்கேனிலேயே நாளத்தில் கல் தெளிவாகத் தெரிந்தாலோ, தொற்றின் அறிகுறிகள் இருந்தாலோ, நாளம் விரிந்து பிலிரூபின் 4 மில்லி கிராமைக் கடந்திருந்தாலோ நேராக இச்சிகிச்சைக்குச் செல்வர். ஐயம் மட்டுமே இருந்தால் எம்.ஆர்.சி.பி. அல்லது எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் செய்து உறுதிப்படுத்திய பின்னரே மேற்செல்வர். ‘கல் இருப்பது உறுதியாகிவிட்டதா, அல்லது பார்ப்பதற்காகவே இதனைச் செய்கிறீர்களா?’ என்று மருத்துவரிடம் பணிவுடன் கேட்பது நோயாளியின் உரிமை.

கத்தியிலிருந்து அகநோக்கிக்கு

பித்தப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சையை முதன்முதலில் 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் செய்தார். அதன்பின் நெடுங்காலம் நாளத்திலுள்ள கல்லை எடுக்க வயிற்றைத் திறப்பது ஒன்றே வழியாக இருந்தது. நாளத்தைக் கிழித்துக் கல்லை எடுத்தபின், ஆங்கில டி எழுத்து வடிவிலான குழாயை அதில் பொருத்தி, பித்தம் பல நாள் வெளியே வடியுமாறு விடுவர்.

1968-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் வில்லியம் மெக்கியூன் என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் அகநோக்கி வழியாக அந்தச் சிறு வாயிலுள் குழாய் செலுத்தியதை வெளியிட்டனர். ஜப்பானிய மருத்துவர்கள் கருவியையும் முறையையும் மேம்படுத்தினர். 1974-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரைச் சேர்ந்த கிளாசன், டெம்லிங் ஆகியோரும், ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த கவாய் குழுவினரும் தனித்தனியே சுருக்குத் தசையை அகநோக்கி வழியாக வெட்டி வாயிலை அகலமாக்கும் முறையை அறிவித்தனர். அதுவரை பார்க்கும் கருவியாக இருந்த அகநோக்கி, அன்று முதல் சிகிச்சைக் கருவியாயிற்று.

இத்துறையில் இந்தியாவின் பங்கும் குறிப்பிடத்தக்கது. 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா சிறுதுளை வழியாகப் பித்தப்பையை அகற்றும் சிகிச்சையை நாட்டில் தொடங்கி வைத்தார். அகநோக்கிச் சிகிச்சையில் புகழ்பெற்ற ஹைதராபாத் மருத்துவர் டி. நாகேஷ்வர் ரெட்டிக்கு 2002-இல் பத்மஸ்ரீ, 2016-இல் பத்மபூஷண், 2025-இல் பத்மவிபூஷண் விருதுகள் வழங்கப்பட்டன.

கல்லை அகற்றும் முறை

சிகிச்சைக்கு முன் ஆறு முதல் எட்டு மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர், ஒவ்வாமை உடையோர், கருவுற்றிருக்கும் மகளிர் ஆகியோர் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் இன்றியமையாதது. மருந்தைத் தாமாகவே நிறுத்துதலும் தவறு, தொடர்தலும் தவறு. மருத்துவரே அதனை முடிவு செய்ய வேண்டும்.

மயக்க மருந்து தந்தபின், நோயாளியைக் குப்புறவோ இடப்புறமாகவோ படுக்க வைத்து, பக்கவாட்டில் பார்க்கும் கண்ணையுடைய அகநோக்கியை வாய் வழியாகச் செலுத்துவர். வாயில் குடலின் பக்கச் சுவரில் இருப்பதால் நேராகப் பார்க்கும் கருவி இதற்குப் பயன்படாது. வாயிலைக் கண்டதும் மெல்லிய வழிகாட்டிக் கம்பியை நாளத்துள் ஏற்றி, சாயம் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் கல்லின் இடத்தையும் அளவையும் எண்ணிக்கையையும் காண்பர். பின்னர் மின்னாற்றலால் வெட்டும் நுண்கம்பி கொண்டு சுருக்குத் தசையைச் சிறிதளவு வெட்டுவர். அகன்ற வாயில் வழியாக, காற்று நிரப்பிய சிறு பலூனால் கல்லை மேலிருந்து இழுத்தோ, கம்பிக் கூடையுள் பிடித்தோ குடலுக்குள் கொண்டுவந்து விடுவர். அங்கிருந்து அது மலத்தோடு வெளியேறிவிடும். கல்லைக் கையில் காட்டவில்லையே என்று வீட்டார் ஐயுற வேண்டியதில்லை. இறுதியாக மீண்டும் சாயம் செலுத்தி, நாளம் தூய்மையானதை உறுதி செய்வர்.

இவையனைத்துக்கும் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பெரும்பான்மையோருக்கு இம்முறையாலேயே கற்கள் முழுதும் அகன்றுவிடும். 15 மில்லி மீட்டரைக் கடந்த பெரிய கற்களுக்கு வாயிலைப் பெரிய பலூனால் விரித்தல், கூடையாலேயே நசுக்கி உடைத்தல், நாளத்துள் செல்லும் நுண் அகநோக்கி வழியாக லேசர் கதிராலோ மின்பொறியாலோ பொடியாக்குதல் ஆகிய வழிகள் உள்ளன. இவற்றாலும் இயலாதபோது அறுவைச் சிகிச்சை துணை நிற்கும்.

இடர்களை அறிந்து ஒப்புதல் தருக

வெளிக்காயம் இல்லை என்பதால் இதனைச் சிறு சிகிச்சை என எண்ணுதல் தகாது. முதன்மையான இடர் கணைய அழற்சி. சிகிச்சை பெறும் நூறு பேரில் ஏறத்தாழ மூன்று முதல் பத்துப் பேருக்கு இது நேரலாம். பெரும்பாலும் மிதமானதாகவே இருந்து சில நாளில் தணியும். அரிதாகக் கடுமையாவதும் உண்டு. இதனைக் குறைக்க ஆசனவாய் வழியாக டைக்ளோபெனாக் அல்லது இன்டோமெதசின் மருந்து தருவது இன்று வழக்கத்திலுள்ளது. நூற்றுக்கு ஓரிருவருக்கு வெட்டிய இடத்தில் இரத்தக் கசிவும், நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோருக்குக் குடலில் துளை விழுதலும் நேரக்கூடும். வீடு திரும்பியபின் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கருநிற மலம் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

முடிவுறாத பதிவுகள்

வங்கியில் ஒரு பரிமாற்றம் தொடங்கப்பட்டு, எதிர்ப்பதிவு இடப்படாமல் நின்றுவிட்டால் அன்றைய கணக்கு நேராகாது. இச்சிகிச்சையிலும் அவ்வாறு நின்றுவிடும் பதிவுகள் இரண்டு உண்டு.

முதலாவது ஸ்டென்ட். தொற்று கடுமையாக இருக்கும்போதும், கற்களை ஒரே அமர்வில் அகற்ற இயலாதபோதும் பித்தம் தடையின்றி வடிவதற்காக நாளத்தில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்துவர். வலி நீங்கும், காமாலை மறையும், நோயாளி இயல்பு வாழ்வுக்குத் திரும்புவார். அந்நிலையில் உள்ளே குழாய் இருப்பதையே பலர் மறந்துவிடுகின்றனர். பிளாஸ்டிக் ஸ்டென்ட் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும் தன்மையுடையது. பொதுவாக மூன்று மாதத்துக்குள் அதனை அகற்றவோ மாற்றவோ வேண்டும். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விடப்பட்ட ஸ்டென்டைச் சுற்றிப் புதிய கற்கள் படிந்து, மீண்டும் தொற்று ஏற்பட்டு, முதல் சிகிச்சையினும் கடினமான சிகிச்சை தேவைப்பட்ட நேர்வுகள் நம் நாட்டு மருத்துவ இதழ்களில் பல பதிவாகியுள்ளன. இதய இரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் நிலையானது. பித்தநாளத்தில் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் தற்காலிகமானது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதே மறதிக்கு ஒரு காரணமாகிறது.

இரண்டாவது பித்தப்பை. நாளத்துக் கல்லை எடுத்தபின்னும் அக்கல் புறப்பட்ட இடமாகிய பித்தப்பை அப்படியே இருக்கிறது. அதில் எஞ்சிய கற்கள் மீண்டும் நழுவக்கூடும். எனவே உடல்நிலை இடம் தருமாயின் அதே சேர்க்கையிலோ, இரண்டு வாரத்துக்குள்ளோ சிறுதுளை அறுவை மூலம் பித்தப்பையை அகற்றிவிடுவது நல்லது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். பித்தப்பை இல்லாமலும் கல்லீரலிலிருந்து பித்தம் நேராகக் குடலைச் சேரும். பெரும்பாலோர் வழக்கமான உணவையே உண்ணலாம்.

மருத்துவமனையிலிருந்து விடைபெறும்போது பெறும் அறிக்கையில் ‘ஸ்டென்ட் உள்ளதா, எந்த நாளுக்குள் அகற்ற வேண்டும், பித்தப்பை அறுவை எப்போது’ என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் எழுதி வாங்குங்கள். அந்நாளை நாட்காட்டியிலும் கைப்பேசியிலும் குறித்து வையுங்கள். வீட்டில் மற்றொருவருக்கும் தெரிவித்து வையுங்கள்.

நிதி ஏற்பாடு

பரிசோதனை, ஈ.ஆர்.சி.பி., ஸ்டென்ட் அகற்றல், பித்தப்பை அறுவை எனச் செலவு தவணை தவணையாக வரக்கூடும். முதல் செலவோடு சேமிப்பு தீர்ந்தமையால் அடுத்த கட்டத்தைத் தள்ளிப் போடும் குடும்பங்கள் உண்டு. ஆகவே தொடக்கத்திலேயே மொத்தத் தொகையின் மதிப்பீட்டை மருத்துவமனையிடம் கேட்டுப் பெறுதல் நலம்.

மருத்துவக் காப்பீடு உடையோர் காத்திருப்புக் காலத்தைக் கவனிக்க வேண்டும். பித்தப்பைக் கற்களும் பித்தநாளக் கற்களும் பொதுவாகப் பாலிசியில் பெயர் குறித்த நோய்களின் பட்டியலில் இடம்பெறுவன. பாலிசி தொடங்கி 24 மாதங்கள் கடந்தபின்னரே பல பாலிசிகளில் இவற்றுக்கு இழப்பீடு கிடைக்கும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி எந்தக் காத்திருப்புக் காலமும் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. உடற்பரிசோதனையில் பித்தப்பைக் கல் இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தால், விண்ணப்பத்தில் அதனை மறைத்தல் கூடாது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், விடைபெறும்போது இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் முடிவு கூற வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் அறிவுறுத்தியுள்ளது. ஸ்டென்ட் அகற்றுதல் பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதால், அது பகல்நேரச் சிகிச்சையாக ஏற்கப்படுமா என்பதையும் முன்னரே கேட்டறியுங்கள்.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்த் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்த மூத்த குடிமக்கள் வருமான வரம்பின்றி இதில் சேரலாம். இத்திட்டத்தில் முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளை நினைவூட்ட விரும்புகிறேன். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்னும் முறையில் வைப்புத்தொகை வைத்துள்ள தம்பதியர், முதிர்வுக்குப் பின் யாரேனும் ஒருவர் கையொப்பமிட்டுத் தொகையைப் பெறலாம் என்பதை அறிவர். முதிர்வுக்கு முன்னரே முடிக்க வேண்டுமானால், வேறு அறிவுறுத்தல் தரப்படாதவரை, இருவர் ஒப்புதலும் தேவை என்பதைப் பலர் கவுண்ட்டருக்கு வந்த பின்னரே அறிகின்றனர். கணவரோ மனைவியோ மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் நேரத்தில் இது பெருந்துன்பம் தரும். எனவே ஒருவரே முன்கூட்டி முடித்துக்கொள்ள அனுமதிக்கும் கூட்டு அறிவுறுத்தலை இப்போதே கிளையில் எழுதிக் கொடுத்து வைக்கலாம். வைப்பை முறிக்காமல் அதன் பேரில் கடன் பெறும் வழியும் உண்டு. இரண்டாவதாக, கையொப்பமிட இயலாத அளவு நோயுற்றவர், விரல் ரேகை பதித்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிகள் இடமளிக்கின்றன. வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் அதனை உறுதிப்படுத்த வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். கிளை மேலாளரிடம் தெரிவித்தால் இதற்கு ஏற்பாடு செய்யப்படும்.

வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால், முதல் நாளே இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். சாதாரணக் கல்லீரல் அழற்சி என்று தெரிந்தால் மன நிம்மதியுடன் ஓய்வெடுக்கலாம். அடைப்பு என்று தெரிந்தால், அதனை நீக்கும் வழி இன்று அருகிலேயே உள்ளது. அவ்வழியில் தொடங்கிய சிகிச்சையை ஸ்டென்டும் பித்தப்பையும் தீரும் வரை தொடர்ந்து முடிப்பதே முழு நலத்தைத் தரும்.